கையெழுத்துப் போடுமுன், முருகேசா

அஞ்செட்டி,
மார்ச் 12

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சேகர் சொன்னான். நானே போன் செய்து கேட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் சென்ட்ரிங் பலகைகளைத் தவிர.

பென்னாகரம் நிலத்தில் வீடு ஆரம்பிக்கிறாயாமே, அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாமே. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய்.

போன மாதக் கடைசி ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி. ஓடைப் பக்கம் சரவெடி மாதிரி சத்தம். இந்த வெயிலில் எவன் வீட்டுக் காதுகுத்து என்று நினைத்தேன். மூங்கிலடா! தீப்பிடித்தால் கணுவுக்குக் கணு வெடிக்கும். எட்டிப் பார்ப்பதற்குள் காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் சேர்ந்து மேட்டை நோக்கிக் கிளம்பிவிட்டன. "வீட்டை மேட்டில் வை, காற்று பிய்த்துக்கொண்டு வரும்" என்று என் வீட்டைக் கட்டுகிற மேஸ்திரி சொன்னார் அல்லவா? வந்தது. சமதரையில் ஊர்கிற தீ ஏற்றத்தில் ஓடுகிறது. கீழே எரிகிற ஜுவாலையே மேலே நிற்கிற புல்லை முன்கூட்டிக் காயவைத்துவிடுகிறது. உன் நிலமும் சரிவுதான், நீயும் உச்சியில்தான் கட்டப்போகிறாய் என்று கேள்வி.

நானும் வனத்துறை வாட்சர்கள் இரண்டு பேரும் பச்சைத் தழை ஒடித்து அடித்தோம். எல்லைக்கல் பக்கம் அடங்கிவிட்டது என்று சொம்பைத் தூக்கினேன். கொட்டைப்பாக்கு அளவு ஒரு பொறி தலைக்கு மேலே பறந்து போய் ராகி வைக்கோல் போரில் உட்கார்ந்தது. போரை ஒட்டித்தான் தளத்துக்கு அடித்த பலகையும் சவுக்குக் கம்பும். செவ்வாய்க்கிழமை கான்கிரீட் போட வேண்டியது. அன்று காலையில்தான் என் சின்னவன் அந்தப் பலகைமேல் உட்கார்ந்து புளியம்பழம் தின்றுகொண்டிருந்தான். 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் ஆட்கள் செத்ததைப் பேப்பரில் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று மடித்து வைத்தவன் நான். இந்தத் தடவை ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, நஷ்டம் யாருடையது? பத்திரத்தை எடுத்தோம். ஓசூரில் எவனோ லேஅவுட் வீட்டுக்கு எழுதியதில் என் பெயரை மட்டும் மாற்றிய பத்திரம். "இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் சேதத்துக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. காட்டுத்தீ இயற்கைதானே என்கிறார் மேஸ்திரி. அன்றைக்கு இடியா மின்னலா, நம் காட்டில் தீ தானாகவா பிடிக்கிறது, புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்க்கிறவன் வைத்திருப்பான், இல்லாவிட்டால் எவனோ போட்ட பீடி என்கிறேன் நான். "வைத்தவனைக் காட்டு" என்கிறார். எங்கே போய்க் காட்ட? பத்து நாளாக இதே பேச்சு, வேலை அப்படியே நிற்கிறது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கம்பு அவருக்கே வாடகைக்கு வந்ததுதான்.

அதனால் நீ இதை எழுதி வாங்கிக்கொள்: யார் வைத்தாலும் தீ தீதான், தளம் போடும்வரை சரக்கு யார் பொறுப்பு, எந்த இடத்தில் அடுக்குவது. வீடு முடிந்த பிறகுதான் இன்சூரன்ஸ் என்று நான் நினைத்திருந்தேன். கட்டுகிறபோதே எடுக்கிற பாலிசி இருக்கிறது, கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்று பெயர். பிரீமியம் யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுது. பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று பணத்தைப் பிரித்துக் கொடுப்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலேயே புல்லை வழிக்க ஜேசிபி கூப்பிட்டேன். டிரைவர் எல்லைக்கல்லைத் தாண்டி ஆறடி வழித்துவிட்டான். கல்லுக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு, அதிலும் 2014-இல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயம். அங்கே மண்ணைக் கிளறுவது 1882-ஆம் வருஷத்து வனச்சட்டப்படியே குற்றம். ஃபாரஸ்ட் கார்டு வந்து நிறுத்தினார், நியாயம்தான். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கல்லுக்கு இந்தப் பக்கம் என் பட்டாவில் இருபதடி வழித்திருக்கலாமே, யார் தடுத்தார்கள்? ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் புல்லில்தான் தீ ஏறி வந்தது. இதை மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது சேகர் பையன் இந்திய வன ஆய்வு நிறுவனத்தில் என் நம்பரைப் பதிந்து கொடுத்திருக்கிறான். செயற்கைக்கோள் தீயைக் கண்டால் எஸ்எம்எஸ் வருமாம். நல்லதுதான், ஆனால் அது ஒரு நாளைக்குச் சில தடவைதான் நம் தலைக்கு மேலே போகும். மூங்கில் அதற்கு முன்னால் சொல்லிவிடும்.

இன்னொன்று, உன் கிணற்றடிச் சந்தன மரம். பட்டாவில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. ஜேசிபிக்காரனிடம் முதலிலேயே காட்டிவிடு.

ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தோடு ஒகேனக்கல் ரோட்டில் வந்துவிடு, உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். களியும் கோழிக்குழம்பும் தயார். பீடிக்கட்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. ஹாஸ்டல் கொட்டகை விஷயத்தை நான் இன்றுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

உன்,
மாதேஷ்