‘சொல்ல எதுவும் இல்லை’யாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான கொல்கத்தா பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்களைப் பாராட்டி ஒரு வரி எழுதலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து வாசகர் பக்கத்தில் போட்டுவிட்டு மீதியைக் குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடுவீர்கள். என் முந்தைய கடிதத்துக்கு நேர்ந்த கதி அதுதான். ஆகவே பாராட்டு இல்லை.

தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த உங்கள் கட்டுரையாளர் இப்படி முடிக்கிறார்: “மற்றபடி இங்குள்ள கல்லறைத் தோட்டங்களில் துயிலும் பெண்களெல்லாம் யாரோ ஒருவரின் மனைவியர், யாரோ ஒருவரின் புதல்விகள். அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.” இந்த வரி அச்சேறும் முன் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்! ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை.

ஆண்களைப் பற்றிச் சொல்ல மட்டும் நிறைய இருந்திருக்கிறது. மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் ஓங்கிய கூம்புத் தூணுக்கு ஒரு பத்தி. கோயில் வடிவில் சமாதி எழுப்பிக்கொண்ட கம்பெனிப் படை அதிகாரி சார்லஸ் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு பத்தி, கூடவே படம். பெண்களின் சார்பில் ரோஸ் அய்ல்மர் ஒருத்திக்குத்தான் அனுமதி. அதுவும் எதற்காக? 1800இல், இருபது வயதில் இறந்துபோனாள், அழகி, லேண்டர் என்ற ஆங்கிலக் கவிஞர் அவளுக்காக எட்டு வரி பாடினார் என்பதற்காக. அந்தப் பெண்மீது எனக்கு வருத்தமில்லை, பாவம். அன்னாசிப்பழம் தின்றுதான் செத்தாள் என்ற ஊர்க்கதையை இன்றுவரை அவள்மீது சுமத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் கல்லறையிலும் கவனம் பெற வேண்டுமென்றால் அழகாக இருந்து, சீக்கிரம் செத்து, ஓர் ஆண் கையால் பாட்டும் வாங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டுரையாளர் போயிருக்கிறார். அங்கே வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் கல்லறையைப் படமெடுத்து, “மகாகவியும் அவர் மனைவியும்” என்று அடியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனைவிக்குப் பெயர் உண்டு, ஐயா. ஹென்ரியட்டா. எந்த ஊர்ப் பெண் என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னைப் பெண். மதுசூதன் 1848 முதல் 1856 வரை சென்னையில் இருந்தபோது உடன் வேலை பார்த்த ஆசிரியரின் மகள். மதுசூதனை நம்பிச் சொந்த ஊரை விட்டுப் போனவள், கடன்காரர்கள் நெருக்கிய காலமெல்லாம் பிள்ளைகளோடு கூடவே அலைந்தவள். பிரான்சின் வெர்சாயில் சாப்பாட்டுக்கே திண்டாடி, வங்க அறிஞர் வித்யாசாகர் அனுப்பிய பணத்தில் குடும்பம் பிழைத்ததைத் தாங்கள் அறியாமல் இருக்க மாட்டீர்கள். 1873 ஜூன் 26இல் அவள் போனாள், 29இல் அவர் போனார். அவர் தமக்கென்று எழுதிவைத்த கவிதை அங்கே கல்லில் இருக்கிறது: வங்கத்தில் பிறந்த வழிப்போக்கனே, சற்று நில் என்று. சென்னையில் பிறந்தவளுக்காக யாரை நிற்கச் சொல்வது? தமிழ்ப் பத்திரிகையாவது நின்றிருக்க வேண்டாமா?

இந்த லட்சணத்தில் ரெபெக்காவைப் பற்றி உங்களிடம் பேசிப் பயனில்லை. மதுசூதன் சென்னையில் முதலில் மணந்தது அவளைத்தான். நான்கு பிள்ளைகளோடு அவளை இங்கேயே விட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. மகாகவிகளின் வாழ்க்கைக் குறிப்பில் இதற்கெல்லாம் அரை வரிதான் ஒதுக்குவார்கள்.

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது மாணிக்தலா விஷயம். அதே நகரத்தில், அங்குள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில்தான், ஆங்கிலத்தில் எழுதிய வங்கக் கவிஞர் தோரு தத் இருக்கிறாள். கட்டுரையில் அவள் பெயரே இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். பணியின் கடைசிக் காலத்தில், புதிய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் தோருவின் சவுக்கு மரக் கவிதை வந்தது. முதல் நாள் வகுப்பில், சவுக்கு என்றால் விறகுக்கு வெட்டுவார்களே, அதற்கு ஒரு பாட்டா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மரத்தடியில் தன்னோடு விளையாடிய அண்ணனும் அக்காவும் செத்துப்போன பிறகு எழுதியது என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. அண்ணன் 1865இல் போனான், அக்கா ஆரு 1874இல். அதன்பின் மூன்றே ஆண்டுதான், 1877 ஆகஸ்ட் 30இல் இவளும் போய்விட்டாள். வயது 21.

அந்த 21 வயதுக்குள் என்ன செய்தாள் என்று உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்லுங்கள். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876இல் பவானிபூரில் ஓர் அச்சகத்தில் நூலாக்கினாள். பார்வைக்கு மங்கலான, முன்னுரைகூட இல்லாத அந்தப் புத்தகத்தைக் கண்டுதான் லண்டனில் விமர்சகர் எட்மண்ட் காஸ் வியந்து எழுதினார். சம்ஸ்கிருதம் படித்து, சாவித்திரி, துருவன், பிரகலாதன் கதைகளை ஆங்கிலப் பாடல்களாக்கினாள். இறந்த பிறகு தந்தை அவள் தாள்களைப் புரட்டியபோது பிரெஞ்சில் முழு நாவல் ஒன்றும், ஆங்கிலத்தில் முடியாத நாவல் ஒன்றும் கிடைத்தன. பிரெஞ்சு நாவல் 1879இல் பாரிஸில் வெளிவந்தது. இவளைப் பற்றித்தான் சொல்ல எதுவும் இல்லை!

என் மகன் கொல்கத்தாவில் வேலையில் இருந்தபோது மாணிக்தலாவுக்குப் போய்வந்தேன். டாக்சி ஓட்டுநருக்கு இடம் தெரியவில்லை. நகரைச் சுற்றிக்காட்ட நாங்கள் அமர்த்தியிருந்த வழிகாட்டி, அங்கே பார்க்க ஒன்றுமில்லை அம்மா, விக்டோரியா நினைவகத்துக்குப் போகலாம் என்றார். உங்கள் கட்டுரையாளருக்கும் அவரே வாய்த்தாரோ என்னவோ. விசாரித்துக்கொண்டு நாங்களே போனோம். பெற்றோர், அண்ணன், அக்கா எல்லாரும் ஒரே இடத்தில் அடங்கியிருக்கிறார்கள். அவளது இன்னொரு கவிதையில் வரும், குடும்பத்தின் பாக்மாரித் தோட்டம் இருந்ததும் அந்தப் பக்கம்தான். சவுக்கு மரம் எதையும் நான் காணவில்லை.

கொல்கத்தாக்காரர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வங்க எழுத்தாளர் ரொக்கையா பேகத்தின், பெண்களே ஆளும் உலகைக் கனவு காணும் கதை 1905இல் முதலில் அச்சானது சென்னைப் பெண்கள் பத்திரிகை ஒன்றில். அதை நடத்தியவர் கமலா சத்தியநாதன். அவர் பெயரை உங்கள் மகளிர் தினச் சிறப்பிதழில் தேடினேன். ஐந்து வகைப் பாயசம் கிடைத்தது. சென்னையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, உடல் ஒத்துழைக்காமல் விட்டு, ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதி 1894இல் முப்பத்திரண்டு வயதில் இறந்த கிருபாபாயும் அதில் இல்லை. நெல்லைச் சிறப்பிதழில் பாதிரிமார் ரேனியசும் கால்டுவெல்லும் பக்கம் பக்கமாக வந்தார்கள். பாளையங்கோட்டையில் 1785இலேயே ஆலயம் கட்டிய கிளாரிந்தா அம்மையாருக்கு ஒரு பெட்டிச் செய்தி கிடையாது. அப்போதும் கடிதம் எழுதினேன். “சிறப்பிதழ் சிறப்பாக இருந்தது” என்ற என் முதல் வரியை மட்டும் போட்டீர்கள்.

தோருவைப் பற்றித் தனிக் கட்டுரை போடுங்கள் என்று கேட்கவில்லை. அவ்வளவு இடம் உங்களிடம் இருக்காது. ‘திருத்தம்’ என்று மூலையில் ஒரு சிறு கட்டம் போடுவீர்களே, அதில் இரண்டு வரி போதும். ஒன்று, 43ஆம் பக்கப் படத்தில் ‘அவர் மனைவி’ என்றிருப்பதை ‘ஹென்ரியட்டா, சென்னை’ என்று திருத்தி வாசிக்கவும். இரண்டு, மாணிக்தலாவில் தோரு தத்தின் கல்லறை இருக்கிறது. கட்டுரையாளர் அடுத்த முறை கொல்கத்தா போவதாக இருந்தால் எனக்கு ஒரு தபால் அட்டை போடச் சொல்லுங்கள். வழி எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
பாளையங்கோட்டை