எத்தனை விண்மீன் என்பதல்ல, எத்தனை காலம் என்பதே கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வேற்றுக்கிரக நாகரிகங்கள் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். பிரபஞ்சத்துக்கு வயது 1,380 கோடி ஆண்டு, பால்வழி மண்டலத்தில் மட்டும் 10,000 கோடிக்கு மேல் விண்மீன்கள், ஆகவே நம்மைப் போல் வேறு யாரோ இன்றைக்கு இருந்தே தீர வேண்டும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். என்றைக்கோ இருந்திருக்கலாம், சரி. இன்றைக்கும் இருக்கிறார்களா என்பது வேறு கணக்கு.

போட்டுப் பாருங்கள். கடந்த 1,000 கோடி ஆண்டுகளில் நம் மண்டலத்தில் 10 லட்சம் நாகரிகங்கள் தோன்றின என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 10,000 ஆண்டுகள் வானொலி அலைகளை அனுப்பிவிட்டு மறைந்தது என்போம். இரண்டையும் பெருக்கினால் அதே 1,000 கோடிதான் வருகிறது. அதாவது, எந்தக் காலத்தை எடுத்தாலும் சராசரியாக ஒரே ஒரு நாகரிகம்தான் பேசிக்கொண்டிருக்கும். இப்போது அது நாமாகவே இருக்கலாம்! நமக்கோ வானொலி வந்தே ஏறக்குறைய 130 ஆண்டுதான் ஆகிறது. இப்படிப் பேசும் நாகரிகங்கள் எத்தனை என்று கணக்கிட வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 1961இல் எழுதிய சமன்பாட்டின் கடைசி உறுப்பு இந்த ஆயுள்தான். கட்டுரை அதை ஒரே வரியில் தாண்டிவிட்டது.

உயிரே அரிது என்று நான் சொல்லவில்லை. நம் தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் மலைப்பாறைகளில் 320 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நுண்ணுயிர்ப் படலங்களின் தடயம் இருக்கிறது. பூமிக்கு வயது 454 கோடி. ஆக, நுண்ணுயிர் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் விலங்குகள் வர அதற்கப்புறம் சுமார் 260 கோடி ஆண்டுகள் ஆயின. வானம் முழுக்க பாசியும் பாக்டீரியாவும் நிறைந்திருக்கலாம். அவை நமக்குச் செய்தி அனுப்பப் போவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கெப்ளர்-444 என்ற விண்மீனுக்கு வயது சுமார் 1,120 கோடி ஆண்டு. அதைப் பூமியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் சுற்றுகின்றன. விண்மீனுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே வெப்பம் தாங்காது. ஆனாலும் நம் சூரியன் பிறப்பதற்கு 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாறைக்கோள்கள் உருவாக முடிந்திருக்கிறது. அவ்வளவு முன்னதாகக் கிளம்பிய ஒருவர்கூட ஏன் கண்ணில் படவில்லை? இயற்பியலாளர் ஃபெர்மி 1950இல் கேட்ட இந்தக் கேள்விக்கு, எவரும் நீண்ட காலம் நிலைப்பதில்லை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் பதில்.

அதே இதழில் ஒரு வாசகர், பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று எழுதியிருந்தார். கோயிலுக்குப் போகிறவன்தான் நானும். ஆனால் பாறையிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை அளந்து கண்ட வயதும் புராணக் கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போவது தற்செயல். அதை வைத்துப் பிள்ளைகளிடம் பெருமை பேச வேண்டாம்.

அவர்களிடம் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. நம் நாட்டின் வறண்ட கரூ பகுதியில், கர்னார்வன் ஊருக்கு வெளியே மீர்காட் வானொலித் தொலைநோக்கியின் 64 ஆண்டெனாக்கள் நிற்கின்றன. மற்ற ஆய்வுகள் நடக்கும்போதே, அதே அலைகளில் அந்நிய நாகரிகங்களின் சமிக்ஞை இருக்கிறதா என்று 2022 டிசம்பரிலிருந்து தேடுகிறார்கள். தொலைநோக்கிக்காக அப்பகுதியில் வானொலி இரைச்சலைச் சட்டம் போட்டே கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். வேற்றுக்கிரகம் பற்றி இத்தனை பக்கம் எழுதிய கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த இதழில் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்