பதினொன்றாம் தொகுதியை எழுதியவர் ஜோர்டானே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தொடர் நாவல்களின் பிற்காலத் தொகுதிகளை வாசகர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மாயப்புனைவு நாவல் வரிசைக்கு ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு பத்திகளில், பத்தாம் தொகுதியான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ வாசகர்களைச் சலிப்பின் எல்லைக்கே கொண்டு சென்றது என்றும், ஜோர்டானின் மறைவுக்குப் பின் பொறுப்பேற்ற பிராண்டன் சாண்டர்சன்தான் கதையை மீட்டுக் கரைசேர்த்தார் என்றும் எழுதப்பட்டிருந்தது. முதற்கூற்றோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. இரண்டாவது கூற்று பிழையானது. பத்தாம் தொகுதிக்கும் சாண்டர்சனுக்கும் இடையில் 2005 அக்டோபரில் வெளிவந்த பதினொன்றாம் தொகுதி ஒன்று இருக்கிறது. ‘நைஃப் ஆஃப் டிரீம்ஸ்’ என்ற அந்நூலை எழுதியவர் ஜோர்டானேதான்.

வாசகர்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் கட்டுரையாளர் சரியாகப் பிடிக்கவில்லை என்று கருதுகிறேன். ‘எதுவுமே நடக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் அவர் அதை முடித்துவிட்டார். நான் அந்தத் தொகுதிக்காகக் காத்திருந்து படித்தவன். 2000 நவம்பரில் வந்த ஒன்பதாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் ராண்ட், ஆண்கள் கையாளும் மாயசக்தியின் மேல் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்து, அதைத் தொட்டவர்களையெல்லாம் பித்தர்களாக்கி வந்த தீட்டைக் கழுவி நீக்குகிறான். முதல் தொகுதியின் முதல் பக்கங்களிலேயே சொல்லப்பட்ட சாபம் அது. அதன் விளைவு என்ன, உலகம் எப்படி மாறப் போகிறது என்று அறிந்துகொள்ள இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2003 ஜனவரியில் அடுத்த நூல் வெளிவந்தபோது, அது ஒரு நாள்கூட முன்னே நகரவில்லை. மாறாக, அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்கள் முந்தைய காலத்துக்குப் பின்வாங்கி, பெரின், மாட், எக்வீன், எலெய்ன் என்று ஆளுக்கொரு திசையில் இருந்த பாத்திரங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நிதானமாகச் சொல்லத் தொடங்கியது. எங்கோ வெகுதொலைவில் யாரோ அளவிட முடியாத சக்தியைக் கையாளுகிறார்கள் என்பதை அவரவர் கூடாரத்திலும் அரண்மனையிலும் உணர்ந்து திகைக்கிறார்கள். நமக்குத் தெரிந்த செய்தியை, அது என்னவென்றே தெரியாத மனிதர்களின் வழியாக மீண்டும் மீண்டும் பார்க்கிறோம். ராண்டோ, 700 பக்கத்தை நெருங்கும் அந்நூலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

ஆகவே கோளாறு நிகழ்வுப் பஞ்சத்தில் இல்லை, காலக்கணக்கில் இருந்தது. ஒரே நாளைப் பல கோணங்களில் காட்டுவது நூலுக்குள் தவறான உத்தி அல்ல. ஆனால் வாசகனுடைய நாட்காட்டியில் இரண்டு ஆண்டுகள் கிழிந்த பிறகு அவனைப் பழைய தேதிக்கே அழைத்துப் போனால் அவன் பொறுக்கமாட்டான். 1990 முதல் 1994 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் ஆறு தொகுதிகளைக் கொடுத்துப் பழக்கியவர் ஜோர்டான். அதன்பின் 1996, 1998, 2000, 2003 என்று இடைவெளி நீண்டுகொண்டே போனது. போதாக்குறைக்கு, பத்தாம் தொகுதியின் முகப்பு அத்தியாயத்தை மட்டும் தனியே மின்நூலாக முன்கூட்டியே விற்றார்கள். 2004இல் அடுத்த தொகுதிக்குப் பதிலாகக் கதைக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் ஒரு நூல் வந்தது. பசித்தவன் முன் இலையைப் போட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் வைத்த கதைதான். வெளிவந்த உடனேயே நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அதே நூலுக்கு, அதை வாங்கியவர்களே இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டினார்கள் என்பதில் முரண் ஏதுமில்லை. வாங்கியதும் திட்டியதும் ஒரே ஏக்கத்தின் காரணமாகத்தான். தாம் கையாண்ட உத்தி நினைத்தபடி கைகூடவில்லை என்பதை ஜோர்டானே பின்னர் ஒப்புக்கொண்டார்.

என் வீட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. என்னுடைய பிரதியில் இருநூறு பக்கத்தை ஒட்டி ஒரு பழைய ரயில் பயணச்சீட்டு இன்றும் செருகியிருக்கிறது. 2003இல் நான் வெறுத்துப்போய் மூடிவைத்த இடம் அது. கடைசித் தொகுதி வந்து சில ஆண்டுகள் கழித்து, என் மகள் ஒரு கோடை விடுமுறையில் 14 தொகுதிகளையும் ஒரே மூச்சில் படித்தாள். பத்தாவதை நான்கு நாளில் முடித்துவிட்டு, எலெய்ன் வரும் அத்தியாயங்களில் தேநீரும் குளியலும் சரிகை ஆடைகளும் கொஞ்சம் அதிகம் என்று மட்டும் சொன்னாள். “இதுக்காப்பா நீங்க அவ்வளவு கோபப்பட்டீங்க?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. பின்னால் வந்தவர்கள் பொறுமையாகப் படிக்கிறார்கள் என்பதை வைத்து முன்னால் படித்தவர்களை அவசரக்காரர்கள் என்று கட்டுரை முடிவு கட்டுவது சரியல்ல. வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு அடுத்து வரும் ஏழு நாளும் கதையின் ஒரு பகுதியே. அட்டை போட்டுத் தைத்த புத்தகத்தில் அந்த நாட்கள் இருப்பதில்லை.

பயணச்சீட்டு இருந்த இடத்திலிருந்து நானும் பிறகு மறுபடி படித்தேன். அப்போதுதான் பெரினின் அத்தியாயங்களில் நான் தவறவிட்டது தெரிந்தது. அவன் மனைவி ஃபெய்ல் 1998இல் வந்த எட்டாம் தொகுதியின் முடிவில் ஷைடோ என்ற எதிரிக் கூட்டத்தாரிடம் சிறைப்படுகிறாள். தன் படைக்குத் தானியம் வாங்க சோ ஹேபர் என்ற ஊருக்குப் போகிறான் பெரின். ஊரே அழுக்கேறிக் கிடக்கிறது; மக்கள் எதையோ கண்டு அஞ்சி மௌனமாக இருக்கிறார்கள்; செத்தவர்கள் நடமாடுகிறார்கள். களஞ்சியத்திலுள்ள மூட்டைகளெல்லாம் வண்டு விழுந்தவை. வேறு வழியின்றி, கைவிரல் விறைக்கும் குளிரில் அந்தத் தானியத்தைத் தூற்றிச் சலித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். உலகம் உள்ளிருந்து அழுகத் தொடங்கிவிட்டது என்பதைப் போர்க்களம் எதுவும் இல்லாமல் ஒரு தானியக் கிடங்கை வைத்தே காட்டிவிடுகிறார் ஜோர்டான்.

அதே தொகுதியில், பிடிபட்ட ஷைடோ வீரன் வாய் திறக்க மறுக்கும்போது, பெரின் தன் கோடரியால் அவன் கையை வெட்டுகிறான். பிறகு அந்தக் கோடரியை அங்கேயே விட்டுவிட்டு நடக்கிறான். 1990இல் வந்த முதல் தொகுதியில், அந்த ஆயுதத்தை வெறுக்கும்வரை வைத்துக்கொள், வெறுப்பு நின்ற நாளில் எறிந்துவிடு என்று ஓநாய்களோடு வாழும் எலாயஸ் அவனுக்கு அறிவுறுத்தியிருந்தார். 13 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த முடிவு அது. ‘எதுவுமே நடக்கவில்லை’ என்று சொல்லப்படும் நூலில்தான் இது நடக்கிறது. இதனால் அந்நூலின் மற்ற குறைகள் மறைந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. இடையில் வரும் அரண்மனைப் பேச்சுவார்த்தைகள் இன்றும் என்னைத் தூங்க வைக்கின்றன.

இனி, என் முதன்மையான மறுப்புக்கு வருகிறேன். ‘நைஃப் ஆஃப் டிரீம்ஸ்’ நூலில் ஃபெய்ல் மீட்கப்படுகிறாள். எலெய்ன் அரியணையை வெல்கிறாள். மாட்டும் சான்ச்சன் பேரரசின் இளவரசி டூவனும் மணம் புரிகிறார்கள். பத்தாம் தொகுதியின் முடிவில் துறைமுகச் சங்கிலியருகே பிடிபட்ட எக்வீன், மாயசக்தியைக் கையாளும் பெண்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்துக்குள்ளேயே சிறைக்கைதியாக இருந்துகொண்டு தன் போராட்டத்தைத் தொடங்குகிறாள். ராண்ட் தன் இடக்கையை இழக்கிறான். பத்தாம் தொகுதியில் இறுகிக் கிடந்த முடிச்சுகளில் பலவற்றை அவிழ்த்தது இந்த ஒரே நூல். வாசகர்கள் திட்டியதற்கு அஞ்சி அவர் வேகம் கூட்டினார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். திட்டப்பட்ட எழுத்தாளருக்கு எழுத்து வற்றிவிட்டது என்ற கூற்றுக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த ஆண்டிலேயே தமக்கு இதய அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் இருப்பதை அவர் அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். அவருடைய மனைவியும் அவருடைய நூல்களின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல்தான் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே தொகுதியாகத் திட்டமிடப்பட்ட முடிவு 2009, 2010, 2013 என்று மூன்றாக விரிந்தது. அதைச் சாண்டர்சன் சிறப்பாகவே செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் ஜோர்டான் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதி வைத்திருந்த பகுதிகளையும் கொண்டே வேலை செய்தார். கடைசி நூலின் நிறைவுப் பகுதியே பெரும்பாலும் ஜோர்டான் எழுதியதுதான். ஓடிக்கொண்டிருந்த தேரின் வடத்தைத்தான் அவர் பற்றினார். சேற்றில் புதைந்திருந்த தேரை அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிளப்பியவர் அதன் சொந்தக்காரர்.

தங்கள் இதழ் திருத்தக் குறிப்பு வெளியிடுமாயின், ‘பதினொன்றாம் தொகுதி, 2005, ராபர்ட் ஜோர்டான்’ என்ற அளவிலாவது அதில் இடம்பெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி