பாம்பன் கரைக்கு 2050 எப்படி இருக்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பாம்பன்காரன், அப்பா நாட்டுப்படகு. காத்தையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டம்) பாத்து நாளைக்கு கடலுக்கு போலாமா வேணாமான்னு சொல்லிருவாரு, ஆனா 25 வருஷம் கழிச்சு இந்த கரை எப்படி இருக்கும்னு கேட்டா யாருகிட்டயும் பதில் இல்ல. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி ஒரே ராத்திரில அழிஞ்சத பாத்த ஊருங்க இது, மன்னார் வளைகுடா 21 தீவுல ரெண்டு ஏற்கனவே முங்கிப்போச்சு.

எதிர்காலத்த ஆராயுறதுக்கு முறை இருக்கு, ஜோசியம் இல்ல. ஷெல்ங்கற எண்ணெய் கம்பெனி 1970கள் ஆரம்பத்துலயே எண்ணெய் வெல எகிறுனா என்ன பண்றதுன்னு பல விதமா எழுதி வச்சு யோசிச்சாங்க, 1973ல நெசமாவே எகிறுச்சு. இதத்தான் சினாரியோங்கறாங்க. எனக்கு புடிச்சது டெல்பி முறை, 1950கள்ல அமெரிக்காவுல ராண்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனத்துல வந்தது. ஒரே கேள்விக்கு, யாரு என்ன சொன்னாங்கன்னு தெரியாம ஆளாளுக்கு தனியா பதில் எழுதணும், மொத்த பதிலையும் பாத்துட்டு திரும்ப எழுதணும், இப்படி ரெண்டு மூணு சுத்து. பெரிய மனுஷன் சொல்லிட்டாருன்னு தலையாட்ட வேண்டியதில்ல. நம்மூரு கூட்டத்துல பாசி எடுக்குற அக்காமாரு வாயே தொறக்கறதில்லயே, அவங்களுக்கு தெரிஞ்ச கடல் யாருக்கு தெரியும்?

மாவட்ட நிர்வாகம் தொண்டியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஊர் ஊரா இந்த டெல்பி முறைய நடத்தணும், மொதல்ல அந்த அக்காமாருகிட்ட கேக்கணும்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகர்