காகமும் ககரமும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்துக்கு மறுமொழி எழுதத் தாமதமானதற்குக் காரணம், கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்கள் இருபது பேருக்குப் பல்பண்பாட்டுக் கல்வியின் (பல மொழி, பண்பாட்டுக் குழந்தைகளை மனத்தில் வைத்துக் கற்பிப்பதன்) அடிப்படைகளை எப்படி நடத்துவது என்று ஐந்து நாள் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகும் இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டானதையும், சமகால இந்தியா, பாலினம், உள்ளடக்கிய பள்ளி என்று தாள்கள் சேர்ந்ததையும் தாங்கள் அறிவீர்கள். முதல் நாள், இந்தத் துறையின் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் பேங்க்ஸ் பல்பண்பாட்டுக் கல்விக்கு வகுத்த ஐந்து பரிமாணங்களைக் கேட்டேன், மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். அவற்றில் ஒன்றான முன்முடிவைக் குறைத்தல் என்பதற்கு வந்தபோது மட்டும், "நம்ம காலேஜுல அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்களே" என்றார்கள். குறை சொல்ல எனக்கும் வாயில்லை. நானும் நோட்ஸ் சொல்லியே காலத்தை ஓட்டியவன்தான்.

மறுநாள் விரிவுரையை விட்டுவிட்டு, திருப்பூரில் கற்பித்தல் பயிற்சிக்குச் சென்றிருந்த மாணவ ஆசிரியை ஒருவரின் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்தேன். பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன், 'காகம்' என்று எழுதச் சொன்னால் முதலெழுத்தோடு நின்றுவிடுகிறான். 'மெல்லக் கற்பவன்' என்று அவர் குறித்திருந்தார். இந்தி தெரிந்த ஒருவரை அழைத்து, நம் ககரம் ஒன்றுக்கு அங்கே உள்ள நான்கு எழுத்துகளையும் கரும்பலகையில் எழுதச் செய்து, பிறகு 'காகம்' என்று எல்லோரையும் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதல் ககரம் ஒலிப்பது போல இரண்டாவது ஒலிப்பதில்லை என்பது பலருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தா என்று அந்தப் பையன் திகைத்திருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்த விரிவுரையாளர் ஒருவர் அன்று மாலை எழுந்து, தமிழ்வழிப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் சிறுநீர் கழிக்கப் போக அனுமதி கேட்கத் தெரியாமல் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டதைச் சொன்னார். அதன் பிறகு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நான்கு பேர் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். அதில் இருவர் ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த நாற்காலியில் ஆறு ஆண்டாக உட்கார்ந்திருப்பவர்கள்! மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யச் சொல்லி, 1956இல் அரசியலமைப்பில் சேர்த்த 350ஏ பிரிவை அதற்குப் பிறகுதான் எடுத்தேன். முதல் நாளே எடுத்திருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

கடைசி நாள் ஒருவர், "இதெல்லாம் பரீட்சையில வராதுங்களே" என்றார். அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. தாங்கள் வினாத்தாள் தயாரித்த அனுபவமுள்ளவர். பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இந்தக் குழந்தையைப் பற்றி வேறு என்ன விசாரித்திருக்க வேண்டும் என்று கேட்கும் வினாக்கள் நான்கைந்து எழுதி அனுப்ப முடியுமா? தை மாதம் அடுத்த அணி வருகிறது.

தங்கள் பழைய அறைத்தோழன்