விதைநெல்லாகக் கொடு

அன்புள்ள தம்பி,

உன் இணைய வகுப்புத் திட்டம் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டேன். நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதை எட்டு வாரத்தில், வாரம் ஐந்து பாடமாகப் பிரித்திருப்பது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் முதல் பக்கத்தில் "கட்டணம் இல்லை, யாரும் சேரலாம், ஆகவே இது திறந்த வகுப்பு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "ஆகவே"யை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

யாரும் சேரக்கூடிய பெரிய இணைய வகுப்புக்கு 'மூக்' என்ற பெயர் 2008இல் வந்தது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய வகுப்பில் சுமார் 25 பேர் பணம் கட்டிப் படித்தார்கள். 2,000 பேருக்கு மேல் வெளியிலிருந்து இலவசமாகச் சேர்ந்தார்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் 1,60,000 பேர் பதிந்த பிறகு எல்லாருடைய கண்ணும் எண்ணிக்கைமேல் போய்விட்டது. 'திறந்த' என்ற சொல் பதிவுப் படிவத்தோடு நின்றுபோனது.

திருத்துறைப்பூண்டி பக்கத்து நம் ஆதிரங்கம் நெல் திருவிழாவை நினைத்துப் பார். பாரம்பரிய விதை 2 கிலோ கொடுப்பார்கள். வாங்கியவர் விதைத்துப் பெருக்கி அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். அது விதைநெல். சோற்றை இலையில் போட்டுப் பசியாற்றுவதும் தர்மம்தான், ஆனால் அதை யாரும் விதைக்க முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி திறந்த பாடத்துக்கு ஐந்து உரிமைகள் சொல்கிறார்: வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். வைத்துக்கொள்ளும் உரிமையை அவர் 2014இல்தான் சேர்த்தார். எனக்கு அதுதான் முதலாவது.

உரிமத்துக்கு வருகிறேன். படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸில் 'சிசி பை-எஸ்ஏ' 4.0 எடுத்துக்கொள். பெயர் சொல்லி யாரும் எடுக்கலாம், மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். ஆதிரங்கத்துக் கணக்குக்குப் பக்கத்தில் வருவது இதுதான். 'என்டி' (மாற்றக் கூடாது) என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தால், உன் பாடத்தைத் தெலுங்கில் பெயர்த்துக் கிருஷ்ணா டெல்டாவுக்குக் கொடுக்க வழியில்லை. பெயர்ப்பும் மாற்றம்தான். 'என்சி' (வணிகப் பயன் கூடாது) சேர்த்தால் மாசம் நூறு ரூபாய் வாங்கும் கிராமத்து டியூஷன்காரர் தொடவே தயங்குவார். தமிழ் விக்கிப்பீடியா எஸ்ஏ உரிமத்தில் இருப்பதால் அதன் பத்திகளையும் என்சி பாடத்தையும் ஒன்றாகக் கலக்கவும் முடியாது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் குழுவில் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடு.

யூடியூபில் ஏற்றும்போது ஓர் இடத்தில் தவறும். தானாக விழுவது யூடியூபின் சொந்த உரிமம். மாற்றப் போனால் 'சிசி பை' மட்டும்தான் இருக்கும், எஸ்ஏ கிடையாது. ஆகவே விவரப் பகுதியிலும் வீடியோவின் கடைசித் திரையிலும் உரிமத்தை நீயே எழுது. கோப்பை நேரடியாக டவுன்லோடு செய்ய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் ஒரு பிரதி போடு. ஸ்லைடில் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த வேர்ப் படம் இருக்கிறதே, அந்த ஒரு படம் போதும், முழு உரிமமும் சிக்கலாகிவிடும். நீங்களே வரையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, எடுத்தவர், எங்கிருந்து, என்ன உரிமம் என்று நாலு கட்டத்தில் ஒரு ஷீட் வை. பாடம் முடிந்தபின் தேடினால் பாதிக்கு மூலம் கிடைக்காது.

இனி கோப்பின் எடை. 20 நிமிஷப் பாடம் 1,500 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வேகத்தில் 225 எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி உள்ளவருக்கு ஆறு பாடத்தோடு டேட்டா தீர்ந்தது. அதையே 300 கேபிபிஎஸில் இறக்கினால் 45 எம்பி. ஒலி மட்டும் 32 கேபிபிஎஸில் 4.8 எம்பிதான். நாற்பது பாடத்தின் ஒலி 192 எம்பி. மூன்று வடிவத்தையும் சேர்த்தாலும் ஒரு 16 ஜிபி பென் டிரைவில் அடங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது உனக்குத் தெரியும். கையில் கோப்பு இருப்பவரே அப்போது படிக்க முடியும்.

கரண்ட் போகாமலும் பாடம் போகும். கோர்செரா என்ற இணைய வகுப்பு நிறுவனம் தன் பழைய தளத்தை 2016 ஜூன் 30இல் மூடியபோது பல வகுப்புகள் மறைந்தன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. சப்டைட்டில் முதலான வசதிகள் இல்லாததால் காது கேளாதவர்கள் பயன்படுத்த முடியவில்லை என்ற முறையீட்டில் தொடங்கிய விவகாரம் அது. உரிமம் நகலெடுக்க இடம் கொடுத்திருந்ததால், பிரதி எடுத்தவர்கள் வேறிடத்தில் ஏற்ற முடிந்தது. ஆகவே சப்டைட்டிலை முதல் நாளே செய். தானியங்கித் தமிழ் வரிகளை அப்படியே விடாதே, 'தாளடி', 'நாற்றங்கால்' எல்லாம் வேறெதுவாகவோ விழும். திருத்தி, வரியும் நேரமும் கொண்ட எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே கொடு.

கையேட்டை டிடிபி கடையில் கொடுத்தால் யூனிகோடில்தான் அடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல். பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் பார்க்கத் தமிழாக இருக்கும். தேடினால் ஒன்றும் வராது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் குப்பையாகப் படிக்கும். பிடிஎஃபோடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் வை. கேள்விகளை, இணைய வகுப்பு நடத்தும் இலவச மென்பொருளான மூடுலின் 'கிஃப்ட்' வடிவில், வெறும் உரைக்கோப்பாக வைத்தால் அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்வார்.

பாடத்தைப் பார்க்க லாகின் கேட்காதே. ஒரு போனை வீடே பகிர்கிறது. மதிப்பெண்ணுக்கு மட்டும் கேள். சான்றிதழுக்கு, ஐஐடிகள் நடத்தும் இணைய வகுப்பான என்பிடெல் வழி சரி: படிப்பு இலவசம், விரும்புகிறவர் மட்டும் பணம் கட்டித் தேர்வு எழுதட்டும். அட்டவணையில் நாலாம் வாரக் கெடு சம்பா நடவில் விழுகிறது. நடவுக்குப் போகும் பெண்கள் அந்த வாரத்தோடு நின்றுவிடுவார்கள். கெடுவை எடுத்துவிடு, வகுப்பு முடிந்தபின்னும் பாடம் திறந்தே இருக்கட்டும்.

முதல் பாடத்தின் ஒலிக்கோப்பையும் சப்டைட்டில் வரைவையும் வாட்ஸ்அப்பில் போடு. வரிகளை நான் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா