ஆண்டறிக்கை: தடைக்காலமும் பணிக்கொடையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் செயலாளரின் பணிவான வணக்கம்.

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், தொண்டி வட்டாரங்களில் ஐஸ் கம்பெனியும் மீன் கம்பெனியும் தங்கும் விடுதியும் நடத்திவரும் நம் உறுப்பினர்கள் இவ்வாண்டு சங்கத்திடம் கேட்டவற்றுள் பெரும்பாலானவை தொழிலாளர் சட்டம் குறித்தவையே. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் இக்கேள்விகள் மிகுந்தன.

அவற்றுள் தலையாயது பணிக்கொடை, அதாவது நெடுநாள் வேலை பார்த்தவர் விலகும்போது முதலாளி தரவேண்டிய தொகை (கிராஜுவிட்டி). ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் ஆட்களின் கணக்கை முடித்துப் பெயரை எடுத்துவிட்டு, ஜூனில் புதிதாகச் சேர்த்ததாக எழுதிக்கொண்டால், பணிக்கொடைக்குரிய ஐந்தாண்டு ஒருபோதும் நிறையாது என்று நம்மில் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தோம். அது தவறு. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர் அவ்வாண்டு முழுவதும் தொடர்ந்து பணிபுரிந்தவராகவே சட்டத்தில் கொள்ளப்படுகிறார். தடைக்காலம் போக 304 நாள் எஞ்சுகிறது. வார விடுமுறையைக் கழித்தாலும் 260 நாளுக்குக் குறையாது.

நம் உறுப்பினர் ஒருவரின் ஐஸ் கம்பெனியில் 12 ஆண்டு வேலை பார்த்து விலகியவர் பணிக்கொடை கேட்டபோது இவ்வுண்மை தெளிவாயிற்று. கடைசி மாதச் சம்பளம் 13,000 ரூபாய். அதை 26 ஆல் வகுத்து, 15 நாள் கணக்கில் 12 ஆண்டுக்குப் பெருக்க, 90,000 ரூபாய் வந்தது. வழக்குக்குப் போகாமல் நம் உறுப்பினர் அதைக் கொடுத்துவிட்டார். அதுவே முறை என்பது என் கருத்து. விடியுமுன் படகுக்கு ஐஸ் ஏற்றிய உழைப்பைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு அழிக்கலாகாது.

சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மீதியைப் படிகளாகப் பிரிப்பதும் இனி உதவாது. சம்பளக் கணக்கில் சேர்க்காமல் விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்கிடப்படும். தொழிலாளியிடம் பிடித்த வருங்கால வைப்பு நிதிப் பங்கை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டத் தவறினால், அத்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி கழிவு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இறால் உரிக்கும் கூடங்களில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க, பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும். இதுவரை அமைக்காதவர்கள் இம்மாதத்திற்குள் அமைத்துச் சங்கத்திற்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தடைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு உறுப்பினரும் வருகைப் பதிவேட்டைச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவந்து, ஆட்களின் பணிக்காலத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.